மகளிர் பிரிவுச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கக் குடும்பத்தினரே, வணக்கம்.

பொங்கல் விழா, துணைப்பாட வகுப்பு, தீபாவளி அன்பளிப்புப் பை விநியோகம் மூன்றும் இவ்வாண்டும் செவ்வனே நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எங்கள் உழைப்பில் பெரும்பங்கு மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கே சென்றதால், அதைச் சற்று விரித்துரைக்கிறேன்.

சிங்கப்பூர்ப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். தேசியப் பரிசோதனைத் திட்டம் 2002 முதல் நடப்பில் இருக்கிறது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம், எடுக்க வேண்டும் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால், "கூடுதலாக ஸ்கேன் எடுக்க வேண்டும், வாருங்கள்" என்று அழைப்பு வந்ததும் நோயே உறுதியாகிவிட்டதுபோல் நடுங்கிப்போகிறோம். சிலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். அதுதான் என்னை வருத்துகிறது. அந்த அச்சத்தைப் போக்கவே அக்டோபரில் சமூக மன்றத்தில் கலந்துரையாடல் நடத்தினோம்.

அன்று வந்திருந்த மருத்துவர் திரையில் படங்களைக் காட்டி விளக்கினார். ஆசியப் பெண்கள் பலருக்கு மார்பகத் திசு அடர்த்தியானது. மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பாலில் சுண்ணாம்பைத் தேடுகிற கதைதான். அதே இடத்தில் ஜெல் தடவி, ஒலி அலைகளால் படமெடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை வைத்தால், சாதாரண நீர்க்கட்டி வழவழப்பான விளிம்புடன் கன்னங்கரேலென்று தெரிகிறது. திடக்கட்டியோ சாம்பல் நிறம். அதன் விளிம்பு கரடுமுரடாக இருந்து, கீழே நிழலும் விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் இறுதி முடிவைச் சொல்வது திசுப் பரிசோதனையே. மரத்துப்போக மருந்து கொடுத்து, ஊசி செல்லும் வழியைத் திரையில் பார்த்தபடியே சிறிதளவு திசுவை எடுக்கிறார்கள்.

"அப்படியென்றால் மார்பை அழுத்தும் சோதனை எதற்கு டாக்டர், வலிக்காத ஸ்கேனே போதாதா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்றைய கேள்விகளில் தலையாயது அதுவே. ஆரம்பநிலைப் புற்றுநோயின் அடையாளமாகச் சில சமயம் தோன்றும் நுண்ணிய கால்சியம் துகள்கள் மேமோகிராமில்தான் தெளிவாகத் தெரியும். அல்ட்ராசவுண்ட் அவற்றைத் தவறவிடக்கூடும். ஒன்றுக்கு ஒன்று மாற்றன்று. ஜப்பானில் 40 முதல் 49 வயதுள்ள ஏறத்தாழ 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. மேமோகிராம் மட்டும் 77 விழுக்காட்டுப் புற்றுநோய்களைக் கண்டறிந்தது. ஸ்கேனும் சேர்ந்தபோது அது 91 விழுக்காடானது. கூடவே, நோயில்லாதவர்கள் மேல்பரிசோதனைக்கு அழைக்கப்படுவதும் கூடியது. ஆகவே அழைப்பு வந்தாலே நோய் என்று பொருளில்லை, சகோதரிகளே. தயவுசெய்து போய்வாருங்கள்.

தமிழ் மட்டுமே பேசும் நம் மூத்த பெண்மணிகளுக்கு மருத்துவமனையில் துணையாகச் சென்று விளக்கிச் சொல்ல, அடுத்த ஆண்டு தொண்டூழியர் குழு ஒன்றை அமைக்க விரும்புகிறோம். இதற்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.