அண்ணரின் பெட்டிக்கு மாற்றுச் சில்லு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். அம்மாவின் மூட்டுவலி இந்த மாரிக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கொட்டடியான் இன்னும் காசு தரவில்லை. வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் இம்முறையும் ஏமாற்றிவிட்டது. இதை எழுத ஐந்து மாதம் தேவையில்லை என்பது உனக்கும் தெரியும். உன் அழைப்புகளை எடுக்காமல் விட்டு, "வேலை" என்று ஒற்றைச் சொல்லில் மறுமொழி அனுப்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. உன் அண்ணரின் பழைய வீட்டுக்கணினியை, அந்தக் கொமடோர் 64ஐ, ஊமையாக்கிவிட்டேன்.

கால்கள் கறுத்திருந்த ஒலிச்சில்லைக் கழற்றிச் சுத்தம் செய்து, திருப்பிப் பொருத்தும் வேளையில் மின்சாரம் நின்றது. பொறுத்திருக்க மனமில்லாமல் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பொருத்தினேன். மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போட்டேன். சில்லின் தலைமாட்டில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்கவில்லை. அந்தச் சில்லுக்கு 28 கால்கள். 14ஆம் கால் புவித்தொடுப்பு, 28ஆம் கால் 12 வோல்ட். தலைகீழாக வைத்தால் ஒன்றின் இடத்தில் மற்றது போய் அமரும். மணம் வந்த பிறகுதான் விளங்கியது. 95 இடப்பெயர்வில் அரிசி மூட்டையைக் கைவிட்டு, இந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியவன் நான். அந்தச் சனநெரிசலிலும் மழையிலும் தப்பியதை என் விறாந்தையில், என் கையாலேயே கொன்றேன். அண்ணர் எனக்கு வைத்த பெயர் வீண்போகவில்லை.

உனக்குச் சொல்லும் முன் திருத்திவிடலாம் என்று எண்ணினேன். முதலில் தேடியது அதே ஒலிச்சில்லை, அசல் 6581ஐத்தான். வந்து சேர்ந்ததோ வேறெதற்கோ செய்த சில்லு. நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தபோது, பளிச்சென்று இருந்த எண் முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. பிறகுதான் மலிவான போலிகளில் இறங்கினேன். போலி என்று சொல்வதும் முழுச் சரியில்லை, அவை தம்மைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. பழைய சில்லின் கால்களைப் போலக் கால் வைத்த சிறு பலகையில் இக்காலத்து நுண்கட்டுப்படுத்தி ஒன்றை ஒட்டி, ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள். "சில்லு வந்ததா?" என்று ஒரு கிழமை முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருக்க, தபாற்காரர் தீப்பெட்டியளவு பொதியை நீட்டி, இது எந்தச் சைக்கிளுக்குப் பூட்டும் சில்லு என்று கேட்டார்.

முதற்பலகை, பாசையூரில் ஒரு கிலோ விளைமீன் வாங்கும் காசுக்கு வந்தது. நினைவிடத்தில் எண் எழுதும் போக் கட்டளையால், போக் 54296, 15 என்று ஒலியளவைத் திறந்து, அலைவடிவைத் தெரியும் 54276இல் 17, 33, 65, 129 என்று மாறிமாறிப் போட்டேன்: முக்கோணம், வாட்பல், துடிப்பு, இரைச்சல், நான்கும் வந்தன. மூன்று குரல்களும் சுருதி விலகவில்லை. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஆனால் மகிழ்ச்சி அந்த மாலையைத் தாண்டவில்லை. மூன்றாம் குரலை இரைச்சலில் விட்டு 54299ஐப் பீக் செய்தால், அதாவது அங்கிருக்கும் எண்ணை வாசித்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரவேண்டும் அல்லவா? அசல் சில்லில் பகடை உருட்ட நாங்கள் வைத்திருந்த வழி அதுதான். இந்தப் பலகை எத்தனை முறை கேட்டாலும் ஒரே எண்ணைத்தான் சொன்னது. விளையாட்டுக்கான திருகுபிடியைச் சுழற்றினால், அதன் நிலையைச் சொல்லும் 54297 அசையவில்லை. எழுதுவதைக் கேட்கிறது, கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உன் மைத்துனரைப் போல.

ஒலியின் நிறத்தை மாற்றும் வடிகட்டிக்கு வந்தபோதுதான் சிக்கல் ஆழமானது. பொப் யானெஸ் 1981இல் இந்தச் சில்லை வடிவமைத்தபோது ஒரு விளையாட்டுப் பெட்டிக்கான சத்தத்தை அல்ல, முழுமையான இசைக்கருவியையே மனத்தில் வைத்திருந்தார். பின்னர் என்சோனிக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. அலைகள் பிறப்பது எண்கணக்கில். ஆகவே எந்த நுண்கட்டுப்படுத்தியும் அதைப் பார்த்து எழுதிவிடலாம். வடிகட்டியோ அனலொக் சுற்று, அதுவும் உற்பத்தியில் சில்லுக்குச் சில்லு மாறுபட்டது. இரண்டு அசல் 6581களே ஒன்றுபோல ஒலிப்பதில்லை என்றால், எதைப் பார்த்துப் போலி செய்வது? 9 வோல்ட்டில் இயங்கும் பிந்திய 8580இல் அது சீராகிவிட்டது, ஆனால் அண்ணருடையது 8580 அல்ல. முதற்பலகையில் வடிகட்டியின் எல்லையை நகர்த்தும் 54294ஐ மெல்ல ஏற்றினால் ஒலி வழுக்கிப்போகாமல் படிப்படியாகக் குதித்தது, மாட்டுவண்டி கல்லொழுங்கையில் போவதைப் போல.

இரண்டாம் பலகை ஏறத்தாழ ஐந்து மடங்கு விலை. 32 பிற் ஏ.ஆர்.எம். வகை நுண்கட்டுப்படுத்தி. பகடை உருள்கிறது, திருகுபிடி அசைகிறது. ஒலியளவுப் பதிவகத்தையே விரைவாக மாற்றிப் பேச்சொலி எழுப்பும் பழைய வித்தை, 8580இல் முணுமுணுப்பாகிவிடும் அந்த வித்தை, இதில் கணீரென்று வருகிறது. குறை என்று சொன்னால், மிகவும் சுத்தமாக இருக்கிறது. அண்ணரின் பெட்டி சும்மா இருக்கும்போதும் அடியில் ஒரு முனகல் இருக்கும், நினைவிருக்கிறதா? லண்டன் பெட்டியின் 6 மெகாஹேட்ஸ் ஒலி எங்கள் 5.5 மெகாஹேட்ஸ் தொலைக்காட்சியில் ஏறாமல், படம் மட்டும் தெரிய, சத்தத்தை உன் அப்பாவின் கசற் றெக்கோடருக்குக் கம்பி இழுத்துக் கேட்ட நாள்களில், அந்த முனகலை நாங்கள் மின்சாரத்தின் குரல் என்று நம்பியிருந்தோம்.

அந்த றெக்கோடரில்தான் இப்போது வந்து நிற்கிறேன். 88இல் அண்ணர் தன் சிவப்பு மட்டைக் கொப்பி நிரலை ஓடவிட்டுப் பதிந்த நாடா என்னிடம் இருக்கிறது. அவருடைய சில்லு எப்படி ஒலித்தது என்பதற்கு உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அது. நாடாவின் வேகம் தளர்ந்திருப்பதால் சுருதிக்கு அதை நம்பமுடியாது. வடிகட்டியின் நிறத்துக்கு நம்பலாம். இரண்டாம் பலகையில் வடிகட்டியின் தொடக்கத்தையும் வளைவையும் மாற்றிச் சேமிக்க வழியுண்டு. மூன்று கிழமைகளாக இரவில் இதே வேலை: கொப்பியைப் பார்த்து நிரலை அடிப்பது, நாடாவைக் கேட்பது, ஓர் எண்ணை மாற்றுவது, திரும்பவும் கேட்பது. அம்மா எழும்பி வந்து, "அவன் வந்திட்டானோ?" என்று ஒருநாள் கேட்டா. உன் அண்ணரைத்தான் கேட்டா. நான் நிறுத்திவிட்டேன், அன்றைக்கு.

இப்போது என் காதை நானே நம்புவதில்லை. அதனால் மூன்று ஒலிப்பதிவுகளை உனக்கு அனுப்பியிருக்கிறேன்: ஒன்று அண்ணரின் 88 நாடா, ஒன்று பலகை வந்தபடியே, ஒன்று நான் திருத்தியது. நாடாவின் இரைச்சலை வைத்து நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். ஆகவே மற்ற இரண்டையும் அதே றெக்கோடரில், அதே நாடாவின் மறுபக்கத்தில் பதிந்துதான் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் பெயரிட்டிருக்கிறேன். நல்ல காதொலிப்பானைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்டு, எது அண்ணர் என்று எண்ணை மட்டும் எழுது. அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு.

பழைய சில்லை எறியவில்லை. 84ஆம் ஆண்டின் வாரக்குறி முதுகில் தெளிவாகத் தெரிகிறது. தேயிலை டப்பாவில், வெட்டு மேற்பக்கம் இருக்கும்படி வைத்திருக்கிறேன்.

உன்,
சோட்