கேஜா, கம்ப்யூட்டரா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடலில் முக்குளிக்க முள் வைத்த கேஜ் வாங்குவதா, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் வாங்குவதா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது, "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். உனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். இங்கே சிங்கப்பூரில், ஜூரோங் தீவுத் தொழிற்சாலைகளில் 26 வருடம் அழுத்தம் காட்டும் கேஜ்களைக் கழற்றி, சோதித்து, மாட்டிய மனிதனுக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதாதா என்று நினைத்திருப்பாய். உன் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் உடனே வாய் வரவில்லை.

மெல்பர்னில் உனக்கு முக்குளிப்பு சொல்லித் தந்த பெரியவர், "முதலில் கேஜ் வைத்துப் பழகு, எந்திரத்தை நம்பிப் பழகாதே" என்றாராம். கடையில் ஒரு பழைய கன்சோலும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஆழம் காட்டும் கேஜ், டேங்க் அழுத்தம் காட்டும் கேஜ், திசைகாட்டி எல்லாம் இருக்கிறது என்றாய். அவர் சொன்னதைக் கேட்டதும் என் மனசும் அவர் பக்கம்தான் சாய்ந்தது. முள் வைத்த கேஜ் மீது எனக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும். உள்ளே வளைந்த ஒரு சின்னக் குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவைப் பல்சக்கரம் வாங்கி முள்ளைத் திருப்பும். போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இன்றும் அப்படியேதான் வேலை செய்கிறது. பேட்டரி வேண்டாம், திரை வேண்டாம்.

ஆனாலும் நீ கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் இரவு ஷிஃப்டுக்குப் போனேன். ஒரு பம்ப்பின் வெளிக்குழாயில் முள் சரியான இடத்தில் நின்றது. பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். கூட இருந்த மூத்தவர் என்னை லாக்புக்கைப் புரட்டச் சொன்னார். அன்று பகலில் அதே குழாயில் அழுத்தம் நான்கு முறை ஏறி இறங்கியிருந்தது. பகல் ஷிஃப்டு ஆள் நாலு வரி எழுதி வைத்திருந்தார். அதனால் அந்தப் பக்கம் யாரையும் நிற்க விடாமல் பார்த்துக்கொண்டோம். நள்ளிரவுக்கு மேல் குழாயை இணைக்கும் ஃபிளேஞ்சு கசிய ஆரம்பித்தது. முள் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் எவ்வளவு என்று கேட்டால் அது சரியாகத்தான் சொன்னது. அதற்கு முன் அந்தக் குழாய் என்ன பாடுபட்டது என்று சொல்ல அதற்கு வழி இல்லை.

கடலுக்குள் போகும் உன் உடம்பும் அந்தக் குழாய்தான். 10 மீட்டர் இறங்கினால் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம், 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது மெதுவாக வெளியேறும் முன் நீ வேகமாக மேலே வந்தால், உடம்புக்குள்ளேயே குமிழாகி ஆபத்தாகும். ரத்தத்தில் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். கொழுப்பிலும் மூட்டுப் பக்கத்திலும் மெதுவாக ஏறி, மெதுவாகத்தான் இறங்கும். ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இலேயே இதைக் கணக்காக்கினார். அவர் உடம்பை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்தார். பின்னால் சூரிக்கில் பூல்மான் 16 வரை கொண்டுபோனார். இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடுவது அந்த வழிக் கணக்குதான். சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்து, ஒவ்வொரு திசுவிலும் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். மேலே வந்து நீ சாப்பிட உட்கார்ந்தாலும் அது கணக்கை விடாது. அதுதான் லாக்புக். ஆழக் கேஜ் 12 மீட்டர் என்று காட்டும். காலையில் நீ 20 மீட்டரில் இருந்துவிட்டு வந்தது அதற்குத் தெரியாது.

அந்தக் கணக்கை, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அச்சிட்ட டேபிள் வைத்தும் போடலாம் என்று அந்தப் பெரியவர் சொல்வார். உண்மைதான். முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பேடியின் (PADI) டேபிளில் 18 மீட்டருக்கு 56 நிமிடம் என்று இருக்கும், பார்த்திருப்பாய். ஆனால் டேபிள் உன்னைச் சதுரமாகப் பார்க்கிறது. 18 மீட்டரில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு மீதி நேரமெல்லாம் 10 மீட்டரில் பவளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், முழு நேரமும் 18இல் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் மலேசியாவின் தியோமான் தீவில் ஒரே நாளில் மூன்று, நான்கு தடவை இறங்குவீர்கள் என்று சொன்னாயே, அங்கே மூன்றாவது முக்குளிப்புக்கு டேபிள் மிச்சம் வைக்கும் நேரம் மிகக் குறைவு. அப்போது ஆட்கள் என்ன செய்வார்கள்? டேபிளை மூடி வைத்துவிட்டு, கூட வந்தவர்களைப் பார்த்து இறங்குவார்கள். எனக்குப் பயம் அங்கேதான்.

சரி, முதல் முக்குளிப்பையே எடுத்துக்கொள். கணக்கு போட்டுப் பார்த்தேன். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர், 18 மீட்டரில் 56 லிட்டர் சுவாசிப்பார். 12 லிட்டர் டேங்க், 200 பார் (bar) அழுத்தத்தில் தொடங்கி 50 பாரில் மேலே வர வேண்டும் என்றால், கையில் இருப்பது 1800 லிட்டர். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் பதற்றத்தில் இன்னும் அதிகமாகவே சுவாசிப்பார்கள். அதாவது அன்றைய முதல் முக்குளிப்பில் நைட்ரஜன் எல்லை வருவதற்கு வெகு முன்பே உனக்குக் காற்று தீரும். அங்கே உன்னைக் காப்பது டேங்க் கேஜ். இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகத்தான் நைட்ரஜன் கணக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் எஸ்பிஜி என்று சொல்லும் அந்த டேங்க் கேஜ் எப்படியும் வேண்டும். அதை முள் வைத்ததாகவே வாங்கு. நீ தேர்ந்தெடுக்க வேண்டியது ஆழக் கேஜும் கைக்கடிகாரமும் டேபிளுமா, இல்லை கம்ப்யூட்டரா என்பதுதான்.

மேலே ஏறும் வேகத்தையும் யோசித்துப் பார். இப்போது பெரும்பாலும் சொல்வது நிமிடத்துக்கு 9 மீட்டர். கேஜ் வைத்து அதை அறிய, ஒரு கண் ஆழத்திலும் ஒரு கண் கடிகாரத்திலும் இருக்க வேண்டும். கடைசிப் 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். மிதப்பதற்காக நீ போடும் ஜாக்கெட்டில் இருக்கும் காற்றும் விரிந்து உன்னைத் தானாகத் தூக்கும். கைகால் இன்னும் பழகாத நேரத்தில் அதையெல்லாம் சமாளித்துக்கொண்டு வகுத்தல் கணக்கும் போட முடியுமா? கம்ப்யூட்டர் வேகம் கூடினால் கத்தும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில் என்று எண்ணிக் காட்டும். ஜூனில் வரும்போது நம் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவுக் கடலிலும் இறங்கப் போகிறேன் என்றாய். அங்கே தண்ணீர் பச்சையாக இருக்கும். பல நாட்களில் இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் கண் தெரியாது என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று பார்த்துச் சொல்லப் பாறையோ தரையோ தெரியாது. அந்த இடத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண் கையில் தெரிவது எவ்வளவு பெரிய துணை!

உன் தோழியிடம் ஒன்று இருக்கிறது, சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று மட்டும் இருந்துவிடாதே, பாப்பா. அது அவளுடைய உடம்பின் கணக்கு. அவள் உன்னைவிட இரண்டு மீட்டர் மேலே நீந்தியிருப்பாள், அல்லது காலையில் நீ இறங்கிய ஒரு தடவை அவள் படகில் படுத்திருப்பாள். என் ஷிஃப்டின் லாக்புக்கை வைத்து வேறு பிளாண்டை ஓட்ட முடியாது. வாடகைக்கு எடுத்தாலும், அந்தப் பயணம் முழுவதும் அதே ஒன்றை உன் கையிலேயே வைத்திரு. பாதியில் மாற்றினால் புதியதற்கு உன் காலை முக்குளிப்பு தெரியாது.

வாங்கும்போது எளிதானதைப் பார். மணிக்கட்டில் கட்டுவது, எண் பெரிதாக இருப்பது, பேட்டரி எளிதில் மாற்றக்கூடியது. பின்னால் நீ நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்று) பழகினால் அதற்கும் அமைத்துக்கொள்ள வசதி இருக்கட்டும். டேங்க் அழுத்தத்தை வயர் இல்லாமல் திரைக்கு அனுப்பும் வகையும் இருக்கிறதாம். இப்போதைக்கு அது வேண்டாம். எல்லாமே ஒரே திரையை நம்பி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், அந்த முக்குளிப்பை முடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வா. அப்போது டேங்க் முள்ளாவது உன் கையில் இருக்க வேண்டும்.

அந்த முள்ளையும் சோதிக்காமல் நம்பாதே. நான் பார்த்த ஒரு விஷயத்தை உன் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு கேஜ் முள் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய் காலி என்று நினைத்து ஒருவர் போல்ட்டைத் தளர்த்தினார். சுடுதண்ணீர் பீறிட்டு அவர் தோளுக்கு ஓர் அடி தள்ளிப் போனது. அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதனால் டேங்க்கில் மாட்டும்போது, வால்வைத் திறக்கும் முன் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார். திறக்கும்போது கண்ணாடிப் பக்கத்தை முகத்துக்கு நேரே வைக்காமல் திருப்பி வை. பிறகு முள்ளைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழு. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால், வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். இன்னொன்று, இந்த வகைக் கேஜ்கள் அளவுகோலின் நடுவில்தான் மிகச் சரியாகக் காட்டும். கீழ்முனையில் பிழை கூடும். 50 பார் என்று அது காட்டும்போது நிஜமாக 40 ஆகக்கூட இருக்கலாம். அந்த 50ஐத் தொட்டுப் பார்க்க நினைக்காதே.

அந்தப் பெரியவர் சொன்னதில் ஒரு பாதியை நான் தள்ளிவிடவில்லை. ஒரு மாலை முழுக்க டேபிளோடு உட்கார். இரண்டு முக்குளிப்புகளுக்குக் கையால் கணக்கு போடு. கம்ப்யூட்டர் எதைக் கூட்டுகிறது என்று புரிந்தால்தான், அது தவறான எண்ணைக் காட்டும்போது உனக்குச் சந்தேகம் வரும்.

ஜூன் பயணத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா பிடிவாதமாக இருப்பேன். சனி, ஞாயிறு தியோமான், ஞாயிறு இரவே சாங்கியிலிருந்து விமானம் என்று போட்டிருக்கிறாய். அது வேண்டாம். பல தடவை இறங்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதுதான் முக்குளிப்பவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் அளவு. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலையில் இருப்பதைப் போலக் குறையலாம். மூட்டுவலியோ மரத்துப்போவதோ அங்கே தொடங்கினால் யார் என்ன செய்ய முடியும்? நம் பொது மருத்துவமனையில் அதற்கான அழுத்த அறை இருக்கிறது, ஆனால் தியோமானிலிருந்து படகு, சாலை, சோதனைச்சாவடி எல்லாம் தாண்டித்தான் அங்கே வர முடியும். டிக்கெட்டைத் திங்கள் இரவுக்கு மாற்று. மாற்றும் கட்டணத்தை நான் தருகிறேன். ஒருநாள் கூடுதலாக வீட்டில் இருந்தால் அம்மாவுக்கும் சந்தோஷம். அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள்; நீ கடலில் இருக்கும் நாளெல்லாம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கம்ப்யூட்டருக்குப் பாதிப் பணம் என்னுடையது. நாளை அனுப்புகிறேன். அந்தப் பழைய கன்சோலை எடுத்தாலும் எஸ்பிஜிக்காக மட்டும் எடு. எடுத்தால் பெட்டியில் பத்திரமாகத் துணி சுற்றிக் கொண்டுவா. எங்கள் பட்டறைச் சோதனைக் கருவி எண்ணெயில் ஓடுவது. சுவாசக் காற்று போகும் கேஜில் எண்ணெய் படவே கூடாது, அதனால் அங்கே கொண்டுபோக முடியாது. முக்குளிப்புக் கடையில் ஒரே டேங்க்கில் அவர்களுடைய நல்ல கேஜையும் உன்னுடையதையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கச் சொல்வோம். 200இலும் 100இலும் 50இலும் என்ன காட்டுகிறது என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீ வந்து இறங்கிய மறுநாள் காலை பசியாறிவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அப்பா