தற்காலிக பாஸ்வேர்டு அனுப்புறவங்களுக்கு, ஒரு நெட் சென்டர்லேர்ந்து

ஆன்லைன் போர்ட்டல் செய்யுற டெவலப்பர்களுக்கும், அத செஞ்சு குடுங்கன்னு ஆர்டர் போடுற ஆபீசர்களுக்கும் வணக்கம்.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடை, அதுலயே நெட் சென்டர், 12 வருஷமா நானும் என் வீட்டுக்காரரும் நடத்துறோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு ஆரம்பிக்கிற கூட்டம் ஆகஸ்ட் முடியிற வரைக்கும் ஓயாது, காலேஜ் அட்மிஷன், ஸ்காலர்ஷிப், சான்றிதழ்னு ஒரு நாளைக்கு நாப்பது அம்பது பேருக்கு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி குடுப்போம். ஃபார்ம் ஃபில் பண்றதுலயோ போட்டோ சைஸ் குறைக்கிறதுலயோ யாரும் அழுது நான் பாத்ததில்ல. நீங்க தானா தயாரிச்சு அனுப்புற அந்த தற்காலிக பாஸ்வேர்டுலதான் அழுதிருக்காங்க, அதனாலதான் இத எழுதுறேன்.

ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு கடைசி நாள், சாயங்காலம் 5 மணியோட க்ளோஸ். ஒரு அம்மா நூறு நாள் வேலைய முடிச்சுட்டு அப்படியே மகளயும் கூட்டிட்டு ஓடி வந்தாங்க, மணி நாலு ஆயிடுச்சு. போன் டிஸ்ப்ளே ஒரு ஓரமா உடைஞ்சிருக்கு, அதுல வந்த எஸ்எம்எஸ்ல பாஸ்வேர்டு. கேப்பிடல் எக்ஸ், 7, அடுத்து ஒரு நேர் கோடு, அடுத்து ஒரு வட்டம், ஹேஷ், சின்ன கே, மறுபடி ஒரு நேர் கோடு, 4. அந்த கோடு கேப்பிடல் 'ஐ'யா சின்ன 'எல்'லா, வட்டம் 'ஓ'வா ஜீரோவா, நானும் பாத்தேன், வீட்டுக்காரரும் கண்ணாடி போட்டுட்டு பாத்தாரு, அந்த பொண்ணு வெளிச்சத்துல பிடிச்சு பாத்துச்சு, யாராலயும் சொல்ல முடியல. சந்தேகம் மூணு எழுத்துல, ஒவ்வொண்ணும் ரெண்டுல ஒண்ணு, ஆக மொத்தம் எட்டு விதமா டைப் பண்ணலாம், ஆனா நீங்க குடுத்தது மூணே சான்ஸ். மூணாவது தடவை என்டர் தட்டினதும் அக்கவுண்ட் லாக், 24 மணி நேரம் கழிச்சு வாங்கன்னு சிவப்புல ஒரு வரி வந்துச்சு. ஹெல்ப்லைனுக்கு நாலு தடவை அடிச்சோம், நாலு தடவையும் பிஸி. அந்த பொண்ணுக்கு அந்த வருஷ ஸ்காலர்ஷிப் போச்சு. அந்த அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கோவமா பேசல, "பரவால்லக்கா, நீங்க என்ன செய்வீங்க"ன்னுட்டு மகள் கைய பிடிச்சுட்டு போயிட்டாங்க, அது இன்னும் என் மனசுல அப்படியே இருக்கு.

இதுக்கு வழி இல்லாம இல்ல, ரொம்ப வருஷமாவே இருக்கு. பிட்காயின்ங்கிற டிஜிட்டல் பணத்தோட பழைய ரக அட்ரஸ எழுதுற முறைக்கு பேஸ்58னு பேரு, மொத்தம் இருக்குற 62 எழுத்து நம்பர்லேர்ந்து ஜீரோ, கேப்பிடல் ஓ, கேப்பிடல் ஐ, சின்ன எல் இந்த நாலையும் தூக்கிட்டு மீதி 58 மட்டும் வச்சிருக்காங்க, காரணம் பாக்க ஒரே மாதிரி இருக்கும்ங்கிறதுதான். நாலு எழுத்த தூக்குறது உங்க புரோகிராம்ல ஒரே ஒரு வரி மாத்துற வேலைன்னு இன்ஜினியரிங் படிக்கிற என் தம்பி மகன் சொல்றான்.

அப்படி எழுத்த குறைச்சா பாதுகாப்பு குறையும்னு சொல்லுவீங்க. சரி, கணக்கு போட்டு பாப்போம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர் எல்லாம் கலந்து 8 இடம்னா சுமார் 218 லட்சம் கோடி விதம் வரும். வெறும் சின்ன எழுத்து மட்டும், அதுலயும் 'எல்'லையும் 'ஓ'வையும் விட்டுட்டு 24 எழுத்த வச்சு 11 இடம் போட்டா 1,500 லட்சம் கோடிக்கு மேல வருது, கிட்டத்தட்ட ஏழு மடங்கு. நடுவுல ஒரு இடைவெளி விட்டு காட்டினா பாட்டி கூட படிச்சு சொல்லிடுவாங்க. பலம் நீளத்துலயும், முன்கூட்டியே யூகிக்க முடியாதபடி எடுக்குறதுலயும் இருக்கு, ஹேஷும் டாலரும் போட்டதால மட்டும் வந்துடாது.

அந்த ஸ்பெஷல் கேரக்டர் படுத்துற பாடு தனி. "உங்கள் பாஸ்வேர்டு இது"ன்னு எழுதி கடைசியில ஒரு புள்ளி வைக்கிறீங்க, அந்த புள்ளி பாஸ்வேர்டுல சேர்ந்ததா வாக்கியத்துக்கு வச்சதா யாருக்கு தெரியும்? போன்ல ரெண்டு தட்டு தட்டி காப்பி பண்ணா ஹேஷ் வரைக்கும்தான் செலக்ட் ஆகும், மீதி பாதி விட்டுப் போயிடும். மெயில்ல வந்தா இன்னும் மோசம், "இதைவிட சிறியது" குறி பாஸ்வேர்டு நடுவுல இருந்து அத சரியா மாத்தாம அனுப்பிட்டா மெயில் ஆப் அத எச்டிஎம்எல்னு, அதாவது பேஜ் வடிவமைக்கிற குறியீடுன்னு நெனச்சு சில நேரம் அதுக்கு அப்புறம் உள்ளத முழுங்கிடும், எட்டு எழுத்து பாஸ்வேர்டு மூணு எழுத்தா வந்து நிக்கும். எஸ்எம்எஸ்க்குன்னு தனியா ஒரு எழுத்து அட்டவணை இருக்கு, கம்ப்யூட்டர்ல அண்டர்ஸ்கோருக்கு இருக்குற நம்பர் அதுல வேற ஒரு குறிக்கு போயிடுது, நடுவுல இருந்து மெசேஜ கடத்துற கேட்வே சரியா மாத்தலைன்னா கஸ்டமர் கீபோர்டுலயே இல்லாத ஒரு குறிய பாத்துட்டு உக்காந்திருப்பாரு. இவ்வளவும் தாண்டி காப்பி பண்ணி பேஸ்ட் பண்ண போனா உங்க பேஜ்ல பேஸ்ட் தடை, ஏன்னு எனக்கு இதுவரைக்கும் புரியல.

அமெரிக்காவுல நிஸ்ட்னு ஒரு அரசு நிறுவனம், பாஸ்வேர்டு எப்படி இருக்கணும்னு ரூல் எழுதுறவங்க. அங்க 2003ல பெரிய எழுத்து, நம்பர், சிறப்பு குறி எல்லாம் கலக்கணும்னு எழுதின பில் பர்ங்கிறவரே 2017ல அத நெனச்சு வருத்தப்படுறதா பேப்பருக்கு பேட்டி குடுத்தாரு. அதே 2017ல வந்த நிஸ்ட் விதி 800-63பி என்ன சொல்லுச்சுன்னா, சிஸ்டமே யூகிக்க முடியாதபடி தயாரிச்சு குடுக்குற ரகசியம் குறைஞ்சது 6 இடம் இருந்தா போதும், முழுக்க நம்பராவே இருக்கலாம். பேஸ்ட் பண்ண விடணும்னும் பரிந்துரை பண்ணுச்சு. ஒரே அக்கவுண்ட்ல தொடர்ந்து தப்பா போட அவங்க வச்ச உச்ச வரம்பு 100. மூணுல லாக் பண்றதும் அந்த நூறுக்குள்ளதான் வருதுன்னு நீங்க சொல்லலாம், ஆனா அந்த அம்மாவுக்கு எட்டு தடவை கிடைச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

ஆறு நம்பர்னா நம்ம ஜனங்களுக்கு ஓடிபி பழக்கம், எழுதப் படிக்க தெரியாதவங்க கூட ஒவ்வொரு நம்பரா கரெக்டா சொல்லுவாங்க. அத விட்டுட்டு ஏன் கோடும் வட்டமும்?

இன்னொரு பக்கமும் இருக்கு, சுலபமா இருக்கட்டும்னு சிலர் ஒரு ஃபார்முலா வச்சுடுறாங்க. இ-ஆதார் பிடிஎஃப் திறக்க பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்னு எங்க கடைக்கு வர எல்லாருக்கும் மனப்பாடம், ஒருத்தர் கையில ஏற்கெனவே வந்துட்ட ஃபைல திறக்க அப்படி வைக்கிறது வேற விஷயம். ஊர்ல எங்கிருந்து வேணா லாகின் பண்ற அக்கவுண்டுக்கு பிறந்த தேதியவே முதல் பாஸ்வேர்டா வைக்கிறது வேற. ஒரு ஸ்கூல் பையனோட காலேஜ் விருப்பப் பட்டியல கூடப் படிச்ச பையனே உள்ள போய் மாத்தி வச்சுட்டான், பாஸ்வேர்டு பிறந்த தேதி, பர்த்டேக்கு கேக் வெட்டினவனுக்கு அது தெரியாதா? விஷயம் தெரிஞ்சு அந்த பையனோட அப்பா எங்க கடையிலேயே தலைல கை வச்சு உக்காந்துட்டாரு, நல்லவேளை பட்டியல இறுதியா லாக் பண்ண இன்னும் ஒரு நாள் இருந்ததால மாத்த முடிஞ்சுது.

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு குடுத்தா என்ன ஆகும்னு 2016லயே உலகம் பாத்துச்சு, மிராய்னு ஒரு வைரஸ், சாதனம் செய்யுற கம்பெனிக்காரங்களே வச்சு அனுப்பின சுமார் 60 யூசர்நேம் பாஸ்வேர்டு ஜோடிய மட்டும் வச்சுகிட்டே லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டருக்குள்ள புகுந்துச்சு. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லேர்ந்து வீட்டுல வாங்கி வைக்கிற அந்த மாதிரி சாதனங்கள் ஒரே பொது பாஸ்வேர்டோட வரக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

என்னைக் கேட்டா பாஸ்வேர்டே அனுப்பாதீங்க. ஒரு தடவை மட்டும் வேலை செய்யுற லிங்க் அனுப்புங்க, தட்டினா புது பாஸ்வேர்டு வைக்கிற பேஜ் வரட்டும், அவங்களே வச்சுக்கட்டும். எஸ்எம்எஸ் மட்டும்தான்னா ஆறு நம்பர், கொஞ்ச நேரத்துல காலாவதி, உள்ள போனதும் கண்டிப்பா மாத்தணும். இன்னிக்கு பல போர்ட்டல்ல இந்த கடைசி விஷயம் இல்லாததால தற்காலிகம்னு வந்தது நாலு வருஷமா அப்படியே கிடக்கு, எங்க கடையில 192 பக்க நோட்டு ஒண்ணு அதாலயே நிறைஞ்சுது. "அக்கா நீங்களே எழுதி வச்சுக்கோங்க, நான் தொலைச்சுருவேன்"னு சொல்லி சொல்லி நானும் எழுதி வச்சேன். அத்தன பேரோட ஆதாரும் பேங்க் அக்கவுண்டும் அந்த நோட்டு வழியா போய் பாக்கலாம்னு ஒரு நாள் ராத்திரி உறைச்சுது, மறுநாளே கிழிச்சு எரிச்சுட்டேன். இப்ப துண்டு சீட்டுல எழுதி அவங்க கைலயே குடுத்துடுறேன், அடுத்த வாரம் சீட்டு தொலைஞ்சு போச்சுன்னு திரும்பி வராங்க.

இன்னொண்ணு, லாக் ஆன அக்கவுண்ட திறக்க கடைசி தேதி அன்னிக்காவது ஒரு மனுஷன் போன எடுக்கணும்.

அடுத்த சீசனுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. உங்க புரோகிராம் தயாரிக்கிற பாஸ்வேர்டு பத்து எடுத்துக்கோங்க, உங்க வீட்ல அம்மாவோ அத்தையோ இருப்பாங்கல்ல, அவங்க போனுக்கே எஸ்எம்எஸ் அனுப்பி, அத உங்களுக்கு போன்ல படிச்சு சொல்ல சொல்லுங்க, நீங்க ஆபீஸ்ல உக்காந்து டைப் பண்ணுங்க. பத்தும் ஒரே தடவைல உள்ள போச்சுன்னா அப்புறம் எங்க ஜனங்களுக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்ட் எதிர்ல நெட் சென்டர் நடத்துற ஒரு அக்கா