பசுமை முறை என்று தலைப்பில் போடும் முன்

மதுரை வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வு நெறியாளர்களுக்கு வணக்கம்.

இலைச்சாற்றில் உலோகத் துகள் செய்து, அதை வினையூக்கியாக்கி (வினையை வேகப்படுத்தும் பொருள்), சூழலுக்கு உகந்த 'பசுமை முறை' என்று தீசிஸ் தலைப்பில் போடுகிறோம். வேப்பிலை, நொச்சி, முருங்கை என்று நானோ வெள்ளி (மிக நுண்ணிய வெள்ளித் துகள்) செய்யாத இலை நம் ஊரில் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். இலைச்சாற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உலோக உப்பை ஒடுக்கி உலோகமாக மாற்ற அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் போதும். அப்புறம் நடப்பதுதான் உறுத்துகிறது. துகளைத் தாங்கியில் (கரி, சிலிக்கா போல அதைச் சுமக்கும் பொருள்) ஏற்றி, எத்தனாலில் திரும்பத் திரும்பக் கழுவி, மஃபிள் ஃபர்னஸ் என்ற சூட்டு உலையில் 500 டிகிரியில் மணிக்கணக்காக வைக்கிறோம். நைட்ரேட் உப்பிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தச் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வேறு கிளம்பும்.

வினையூக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்னும் வேடிக்கை. 4-நைட்ரோஃபீனால் என்ற சேர்மத்தின் கரைசலில், அதை ஒடுக்க சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்ததும் வெளிர்மஞ்சள் அடர்மஞ்சளாகும். வினையூக்கியைப் போட்டால் குமிழி வரும், நிறம் வெளுக்கும், ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் 400 நானோமீட்டர் உச்சி சரியும். பார்க்க அழகுதான். ஆனால் போரோஹைட்ரைடை நாம் தேவைக்கு மேல் பல மடங்கு கொட்டுகிறோம். முடிந்ததும் கரைசல் எங்கே போகிறது? பல ஆய்வகங்களில் நேராக சிங்கில்.

கரைப்பானே இல்லாமல் பால் மில்லில் (குண்டுகள் போட்டு அரைக்கும் இயந்திரம்) உலோக உப்பையும் தாங்கியையும் சேர்த்து அரைக்கும் முறை இருக்கிறது. சில உலோகங்களைத் தூளாகவே போட்டுத் தாங்கியோடு அரைத்துவிடலாம், உப்பே வேண்டாம். அதற்கும் கரண்ட் செலவு உண்டு, குண்டுகள் தேய்ந்து இரும்போ சிர்கோனியாவோ கலக்கும். தாங்கிக்கு விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி இருக்கிறது. அரிசி ஆலையின் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அமிலத்தால் பிரித்தால் மிஞ்சும் உப்புத் தண்ணீரையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு தீசிஸிலும் ஒரு பக்கம் கணக்குக்கு ஒதுக்குங்கள். ஒரு கிராம் வினையூக்கிக்கு எவ்வளவு கரைப்பான், எத்தனை மணி நேரம் ஃபர்னஸ், எவ்வளவு கழுவிய தண்ணீர், உலோகத்தில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும்.

வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்தால் உலோகம் தாங்கியிலிருந்து கழன்று வடிநீரில் வந்திருக்கலாம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம், வடிதாள் போதும்.

இப்படிக்கு,
மதுரையில் வினையூக்கி செய்யும் ஆய்வு மாணவர் ஒருவர்