சுதாவுக்கு, ஆய்வு முகாமிலிருந்து

அன்புள்ள சுதா,

பதிலையே காணோமே என்று இதற்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். கோடைக்கால மாணவர் ஆய்வுத் திட்டம் நடக்கிறவரை எனக்கு வேறு உலகம் கிடையாது. பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிற பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுகிறார்கள், வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சி பார்க்கிறவர்கள் நடுராத்திரி வரை தூங்கவிடுவதில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி செய்தித்தாளை நீ வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, உனக்கும் விடுதலை. நான் நலம்தான், ஏற்றத்தில் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அடுத்த கோடையில் உங்கள் துறையிலும் இப்படி ஒரு திட்டம் தொடங்கப் போகிறார்கள், மாணவர்களை ஒன்றுசேர்ப்பதும் அவர்களைக் கதை சொல்ல வைப்பதும் உன் பொறுப்பு என்று தலையில் கட்டிவிட்டார்கள், இதில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நிறைய இருக்கிறது.

பத்து இருபது பேரை ஒரே வீட்டில் தங்க வைத்தால் நட்பு தானாக வந்துவிடும் என்றுதான் திட்டம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். வராது. முதலில் எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள், அப்புறம் கழுவாத பாத்திரத்தில் சண்டை ஆரம்பிக்கும், அதற்கப்புறம் பார்த்தால் பெரிய ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் ஒரு பக்கமும், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் நாள் முழுக்கக் குனிந்து தனியாக நாற்று எண்ணுகிற பிள்ளை ஒரு பக்கமுமாகப் பிரிந்திருப்பார்கள். உன் கண் அந்தத் தனி ஆள் மேல் இருக்கட்டும். காட்டுக்குள் இருவராகத்தான் போக வேண்டும் என்று இங்கே ஒரு விதி உண்டு, பாதுகாப்புக்காக வைத்தது. நாங்கள் வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஜோடியை வேறு குழுவிலிருந்து போட்டுவிடுகிறோம். பறவை பார்க்கிறவர் மண் அளக்கிறவருக்கு நோட்டு எழுதிக் கொடுக்கப் போவார், திரும்பி வரும்போது ஒருவர் முதுகில் மற்றவர் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார். வரவேற்பு விளையாட்டுகள் எதற்கும் இவ்வளவு பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே. பூட்ஸ், மழைக்கோட்டு, தலைவிளக்கு எல்லாம் ஓர் அலமாரியில் பல அளவுகளில் இருக்கட்டும், யாரிடமும் கேட்காமல், கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொள்கிற மாதிரி. காட்டுப் பக்கமே போயிராத பிள்ளைகளும் வருவார்கள், வாங்க வசதியில்லை என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். நனைந்த கான்வாஸ் ஷூவோடு பகல் முழுக்க நின்ற பிள்ளை சாயங்காலம் உன் கதை வட்டத்தில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்காதே.

கதை வட்டம் என்றதும் நீ பயந்துபோய் எழுதியிருந்தாயே, எல்லோரையும் உட்கார வைத்து "உன் வாழ்க்கைப் பயணத்தைச் சொல்" என்றால் யார் சொல்வார்கள் என்று. ஒருவரும் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் நேர்முகத் தேர்வில் ஒப்பிப்பது மாதிரிதான் இருக்கும். நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: இந்த வாரம் எது சொதப்பியது? முதலில் பேராசிரியர்கள் சொல்ல வேண்டும், அது கட்டாயம். பெரியவர்களே சென்சாருக்கு பேட்டரி போட மறந்த கதையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் மண் ஆய்வில் இருந்த பையன் ஒருவன் சொன்னான். மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் டைஆக்சைடை அளக்க ஒரு மூடியைத் தரையில் கவிழ்த்துவைப்பார்கள். இவன் திரையைச் சரியாகப் பார்க்கக் கிட்டத்தில் குனிந்திருக்கிறான், ரீடிங் கிடுகிடுவென்று ஏறியிருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று புல்லரித்துப்போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியிருக்கிறது, ஏற்றியது அவனுடைய மூச்சு. வெளிக்காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கை ஒட்டித்தான் இருக்கிறது, நாம் விடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000. மூடியின் விளிம்பில் துளி இடைவெளி இருந்தால் போதும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய் லேப்டாப்பை எடுத்துவந்தாள். அவளுடைய அட்டவணையில் விளக்கம் கிடைக்காமல் துருத்திக்கொண்டிருந்த எண்கள் இருந்தன, எல்லாமே அவள் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிய நேரங்கள். அன்றைக்கே மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார்கள், மூடியை நோக்கிக் காற்று வருகிற பக்கத்தில் உட்காரக்கூடாது என்று வழிமுறையிலும் ஒரு வரி சேர்த்தார்கள்.

கதை சொல்வதை நான் ஓய்வுநேர அலங்காரமாக நினைக்காததற்கு இதுதான் காரணம். சொதப்பலைச் சொல்ல இடம் இருக்கிற வீட்டில்தான் தவறான எண் பிடிபடும். பயந்து மறைக்கிற வீட்டில் அது அப்படியே ஆய்வு முடிவைக் காட்டும் போஸ்டரில் ஏறிவிடும், வரைபடமும் அழகாகத்தான் இருக்கும். கூடி வாழ்வது மனநலத்துக்கு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் உன் மேலதிகாரிகளிடம் பேசும்போது இந்தக் காரணத்தைச் சொல், உடனே காது கொடுப்பார்கள்.

இடத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் சொல்வது ஹப்பர்ட் புரூக் கதை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காடு, 1963-ல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் போன்றவர்கள் அங்கே காட்டுக்கு மழையோடு எவ்வளவு சத்து வருகிறது, ஓடையோடு எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்க மழைநீரைப் பிடித்தார்கள். அமில மழையை யாரும் தேடிப் போகவில்லை. பிடித்த மழையின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 4-ஐ ஒட்டி இருந்தது, அதுவே அவர்களைத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மழை கெட்டுப்போனது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வருஷக் கணக்கில் மழையைப் பிடித்துப் பிடித்து அளந்தார்கள், அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் அமில மழைக்கென்று திருத்தம் வந்தது 1990-ல். அந்த இருபத்தேழு வருஷத்தில் எத்தனை மாணவர்கள் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியிருப்பார்கள் என்று யோசி. லேபிள் ஒட்டி அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் இதைச் சொன்னால் மறுநாள் கையெழுத்துக் கொஞ்சம் திருத்தமாக வரும், நான் பார்த்திருக்கிறேன்.

மரமே பேசுகிற கதையும் உண்டு. மாசசூசெட்ஸில் ஹார்வர்ட் வனத்தில் நூறு வயதைத் தாண்டிய ஒரு சிவப்பு ஓக் மரத்தில் சென்சார்களும் கேமராவும் பொருத்தி, 2019 முதல் அது ட்விட்டரில் தன் நிலைமையைத் தானே எழுதுகிற மாதிரி செய்தார்கள். சாறு ஏறுவது, தண்டு பருப்பது எல்லாம் அளவாகப் பதிவாகும், அதை வைத்து வாக்கியம் அமையும். இதைக் காட்டியதும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், மரத்துக்கு "நான்" என்று பேசக் கொடுப்பது ஏமாற்றுவேலை என்று பாதிப் பேர், இல்லாவிட்டால் யார் படிப்பார்கள் என்று பாதிப் பேர். நான் பேசக் கொடுக்கிற கட்சிதான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஓர் அளவு இருக்க வேண்டும். தாகம் எடுக்கிறது என்று மரம் சொன்னால் சாறு குறைந்த எண்ணை நீ காட்ட வேண்டும்.

இனி நீ எழுதியதில் எனக்குப் பிடிக்காத இரண்டு. சிறந்த கதைக்குப் பரிசு வைக்கும் யோசனையைக் கைவிடு. பரிசு வந்தால் சொதப்பலைச் சொல்கிறவர்கள் காணாமல் போவார்கள், மேடைப் பேச்சாளர்கள்தான் மிஞ்சுவார்கள். அடுத்தது, நிதி கொடுப்பவர்களுக்குக் காட்ட "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த" பிள்ளைகளின் கதைகள் வேண்டும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? இதில் மட்டும் பிடிவாதமாக இரு. ஒரு பிள்ளை தானாக எழுத விரும்பினால் எழுதட்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. நாம் கேட்டு வாங்கக்கூடாது. சம்பளம், மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் நம் கையில் இருக்கும்போது "முடியாது" என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்?

அந்தப் பகுதி மக்களிடம் போய்ப் பேசினாலும் இதேதான், எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டாமல் வெளியே விடாதே. அரிய பறவையின் கூட்டையோ ஆர்க்கிட் செடியையோ படம் எடுத்துப் போடுகிறவர்களிடம் போனில் இடக்குறியை அணைக்கச் சொல். படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும், திருடுகிறவர்களுக்கு அது போதும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. இதையெல்லாம் வேலை முடிந்து ராத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், சம்மதிக்காதே. வாரத்தில் ஓர் அரை நாளை வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கச் சொல்லி திட்டத்துக்கான நிதி விண்ணப்பத்தில் எழுது. இல்லாவிட்டால் களைத்துப்போனவர்கள் வரமாட்டார்கள், கேட்க வேண்டிய கதை பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

விண்ணப்ப வரைவை அனுப்பு, சிவப்பு மையில் கிறுக்கித் தருகிறேன். ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதாக இருந்தால் மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு உறையையும் பட்டியலில் சேர்த்துவிடு, வெறும் மைக்கை வெளியில் பிடித்தால் காற்றுதான் பதிவாகும். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடுவதை மறந்துவிடாதே, உன் மறதி எனக்குத் தெரியும்.

அன்புடன்,
வசந்தி