குழாய் எரிவாயுவில் மூன்று பாத்திர அடுப்பு: சேலம் நண்பனுக்கு

ஏற்காடு,
பிப்ரவரி இரண்டாம் வாரம்

அன்பு நண்பா,

உன் கடிதமும், உன் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய அந்த அடுப்பு ஸ்டாண்டின் படமும் கிடைத்தன. இங்கே காபிப் பழம் பறிப்பு ஓய்ந்துவிட்டது, வாசலெல்லாம் மிளகு காய்கிறது. காலையில் இன்னும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? மறக்காமல் எழுது.

படத்தில் இருப்பது வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் ஸ்டாண்டு. அங்கே 1978-ல் வந்த சட்டப்படி பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம். மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் ஜில்லாவில்தான், ராஜாஜி காலத்தில், 1937 அக்டோபர் 1-ம் தேதி. அந்த ஆண்டின் சட்டம் இன்றும் இருக்கிறது, வீட்டில் மது காய்ச்சினால் குற்றம். ஆனால் அந்த ஸ்டாண்டின் அமைப்பு, நீ கேட்ட நன்னாரி சர்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு பாத்திரத்தில் வெந்நீர், ஒன்றில் வேர் ஊறல், ஒன்றில் சர்க்கரைப் பாகு.

நீ கேட்ட முக்கியமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய ஹை பிரஷர் சிலிண்டர் பர்னரையே, ஜெட் (வாயு பீய்ச்சி வரும் சிறு பித்தளை முனை) துளையைப் பெரிதாக்கிக் குழாய் லைனில் மாட்டலாமா என்றாய். வேண்டாம். சிலிண்டரின் ஹை பிரஷர் ரெகுலேட்டர் அரை பார், அதாவது 500 மில்லிபார் அழுத்தம் தருகிறது என்று வை. உன் வீட்டுக்கு வரும் குழாய் எரிவாயு, அதாவது இயற்கை எரிவாயு, 21 மில்லிபார்தான். அழுத்தம் 24-ல் ஒரு பங்கானால் ஜெட்டிலிருந்து வாயு பாயும் வேகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அந்த வேகம்தான் பக்கத்துக் காற்றைப் பர்னர் கழுத்துக்குள் இழுக்கிறது. துளையைப் பெரிதாக்கினால் வாயு போதுமான அளவு வரும், காற்று வராது. மஞ்சள் நிறத்தில் சோம்பலாக நெளியும் தீ எரியும், பாத்திரத்தின் அடியில் கரி அப்பும், கார்பன் மோனாக்சைடும் வரும்.

சாதாரண வீட்டு அடுப்பின் கதை வேறு. அதன் எல்.பி.ஜி. அழுத்தமே 30 மில்லிபார்தான். அதில் ஜெட் துளையின் பரப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது விட்டத்தை 1.4 மடங்கு ஆக்கினால் அதே சூடு கிடைக்கும். அந்த வேலையையும் கேஸ் கம்பெனி ஆளே செய்யட்டும்.

பெரிய பாத்திரங்களுக்குக் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த பல ஜெட் பர்னர் வாங்கு. வட்டமான வார்ப்பிரும்புத் தட்டில் சிறு பித்தளை ஜெட்டுகள் தனித்தனியாக நிற்கும், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொள்ளும். கணக்கு இப்படி: 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கச் சுமார் 1,400 கிலோ கலோரி வேண்டும். திறந்த ஸ்டாண்டில் பாதிக்கு மேல் சூடு வீணாகும், ஆகவே 3,100 என்று வை. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு சுமார் 8,500 தரும். 25 நிமிடத்தில் கொதிக்க வேண்டுமானால் மணிக்கு 0.9 கன மீட்டர் ஓட வேண்டும். 21 மில்லிபாரில் அதற்கு 0.7 மி.மீ. துளையுள்ள பத்து ஜெட் போதும். துளை போட்டு வரும் ஜெட்டையே வாங்கு. கை டிரில்லில் போட்டால் துளை கோணும், ஓரத்தில் பிசிறு நிற்கும், தீ ஒரு பக்கமாகச் சாயும்.

மீட்டரையும் பார்த்துக்கொள். வீடுகளுக்கு மாட்டும் ஜி 1.6 மீட்டரில் மணிக்கு 2.5 கன மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பெரிய பர்னர் 1.8, சமையலறை அடுப்பு சேர்ந்தால் ஏறக்குறைய நிறைந்துவிடும். அதனால் மூன்றாவதாகப் பெரிய பர்னர் வைக்காதே. ஊறல் பாத்திரத்துக்குச் சாதாரண வீட்டு பர்னர் ஒன்று போதும்.

மீட்டரிலிருந்து ஸ்டாண்டு வரை அரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், ஆறு ஏழு மீட்டருக்குள் என்றால் தாராளம். அந்த லைனைக் கம்பெனி அனுமதி பெற்ற ஆள்தான் இழுக்க வேண்டும், நம் பிளம்பரை வைத்து 'T' இணைப்புப் போட்டு லைனைப் பிரித்துவிடாதே. ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு மெயின் வால்வு, பர்னர் ஒவ்வொன்றுக்கும் முழுத் துளை பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறப்பது). சிலிண்டர் அடுப்புக்காரர்கள் போடும் ஊசி வால்வு இங்கே ஆகாது, அதன் குறுகிய வழியிலேயே இருக்கிற கொஞ்ச அழுத்தமும் போய்விடும். ரப்பர் டியூப் கம்பி வலை பின்னியதாக, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும், பர்னருக்குப் பின்னால் சூடு படாத பக்கமாகப் போகட்டும். வெளியே வைக்கிற அடுப்பு என்பதால் காற்றில் தீ அணைந்தால் தானாக மூடும் தெர்மோகப்பிள் வால்வுக்குச் செலவழி. இதில் சிக்கனம் பார்க்காதே.

அழுத்தம் சரியா என்று பார்க்க விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபை 'ப' வடிவத்தில் மடக்கி, இரண்டு வாயும் மேலே பார்க்கப் பலகையில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றிக்கொள். லைன் போட வரும் ஆளை ஒரு முனையில் வாயு கொடுக்கச் சொல். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 21 செ.மீ. ஏற்ற இறக்கம் இருந்தால் 21 மில்லிபார். எல்லா பர்னரும் எரியும்போது அது 18-க்குக் கீழே இறங்கினால் பைப்போ டியூபோ எங்கோ ஒடுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஸ்டாண்டு. படத்தில் இருப்பது மூன்று படி, மேல் பாத்திரம் தலைக்கு மேலே இருக்கிறது. கொதிநீரைத் தலைக்கு மேலே வைக்கும் எந்த அமைப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு படி போதும். வெந்நீர்ப் பாத்திரம் 75 செ.மீ. தட்டில், மற்ற இரண்டும் 35 செ.மீ. தட்டில். அப்போது எந்தப் பாத்திரத்துக்குள்ளும் நின்றபடியே எட்டிப் பார்க்கலாம். 40-க்கு 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தடிப்பு. குழாயின் இரு முனையையும் மூடி வெல்டு வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும், அதனால் தீக்கு எதிர்ப்புறம் ஒரு சிறு துளை விடச் சொல். தீப் படும் இடத்தில் ஜி.ஐ. வேண்டாம், துத்தநாகம் புகையும். பெயிண்ட் அடித்தால் வெப்பம் தாங்கும் அலுமினிய பெயிண்ட். பாத்திரத்துக்கு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கஞ்சமலை அடிவாரத்தில் ஸ்டீல் பிளான்டு இருக்கிற ஊர்க்காரனுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெட் முனைக்கும் பாத்திரத்தின் அடிக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி விடு. பலரும் சூடு வீணாகிறதென்று இதைக் குறைப்பார்கள். நீலத் தீக்குள் தெரியும் கூம்பு குளிர்ந்த அடியில் மோதினால் வாயு முழுதாக எரியாமல் நிற்கும், கண் எரிகிற மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்தால் தட்டை ஒரு இஞ்ச் உயர்த்து. காற்றுத் தடுப்புத் தகடு சுற்றிலும் வை, ஆனால் கீழே முழுவதும் திறந்திருக்க வேண்டும், மேலே பாத்திரத்துக்கும் தகடுக்கும் நடுவே இரண்டு செ.மீ. வழி வேண்டும். தீயில் அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் அது தூசிதான், பயமில்லை. நுனி விடாமல் மஞ்சளாக இருந்தால் காற்று போதவில்லை. தீ ஜெட்டை விட்டு எழும்பி உறுமினால் காற்று மிஞ்சிவிட்டது.

ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்பு நுரை தடவிப் பார், தீக்குச்சி ஒருபோதும் கூடாது. பிறகு எல்லா வால்வையும் மூடி, மீட்டரின் கடைசி எண்ணைக் குறித்துக்கொண்டு அரை மணி கழித்துப் பார், நகர்ந்திருக்கக் கூடாது. சிலிண்டர் வாயு தரையில் படியும், இது காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறும். ஆகவே பின்கட்டில் ஷீட் போட்டிருக்கிறாய் என்றால் உச்சியில் வழி விட்டே ஆக வேண்டும்.

சர்பத்தின் அளவைச் சொல்கிறேன். வேரைக் கழுவித் தட்டி நடுவிலுள்ள கட்டையை எறிந்துவிடு, மணமெல்லாம் பட்டையில்தான். நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி கேட்டால் மாகாளிக் கிழங்கின் வேரையும் கொடுத்துவிடுவார்கள். மணம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அது தடித்துச் சதைப்பற்றாக இருக்கும், நன்னாரி மெலிந்து கம்பிபோல் இருக்கும். மலையில் மாகாளியைத் தோண்டித் தோண்டி அருகிப்போய்விட்டது, அதனால் மெலிந்த வேராகவே பார்த்து வாங்கு.

அரை கிலோ பட்டைக்கு 5 லிட்டர் வெந்நீர், 85 டிகிரியில் ஊற்றி மூடி, இரவு முழுக்க விடு. கொதிக்கவைக்காதே. அந்த மணம் ஆவியோடு போகிற ஜாதி, வீடெல்லாம் மணந்தால் சர்பத்தில் மணக்காது. பட்டை குடித்ததுபோக 4 லிட்டர் கிடைக்கும். காலையில் 16½ கிலோ சர்க்கரையை 5 லிட்டர் தண்ணீரில் போட்டு, கரையும் வரை தீயைச் சிறிதாக வைத்துக் கிளறு. அடியில் கரையாத சர்க்கரை படிந்திருக்கும்போது தீயை ஏற்றினால் கருகிவிடும், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. கரைந்ததும் தீயை ஏற்றி, ஒரு கரண்டி பால் விட்டு அழுக்கை எடு. 40 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டால் பாகு சர்க்கரையாகப் பூக்காது. ஒரு கொதி வந்ததும் அணைத்து, 80 டிகிரிக்கு ஆறியபின் நன்னாரி நீரைச் சேர். சர்க்கரையின் சதவீதத்தைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் 65 வர வேண்டும், குறைந்தால் புளித்துப்போகும், கூடினால் சர்க்கரை கட்டும். சுமார் 20 லிட்டர் வரும். மேல் தட்டு வெந்நீரில் 20 நிமிடம் கொதித்த பாட்டில்களில் சூடாகவே ஊற்று.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிற மட்டும் வீட்டு இணைப்பு போதும். கடைக்குக் கொடுக்க நினைத்தால் வணிக இணைப்பும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் முதலில் வாங்கிக்கொள்.

ஸ்டாண்டுக்கு வெல்டு வைக்கும் முன் தட்டு உயரங்களை எழுதி அனுப்பு, சரிபார்த்துச் சொல்கிறேன். உன்னிடம் இருக்கிற பாத்திரங்களின் விட்டத்தை நீ எழுதவே இல்லை, அதையும் சேர்த்து அனுப்பு. மிளகு காய்ந்ததும் இரண்டு கிலோ பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி