பில் போடும் முன் ஒரு கேள்வி: கடலூர் மாவட்டப் பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வைத்திருக்கிறேன். இருபது வருசமாக உங்கள் கடைகளில் மருந்து வாங்குகிறவன், இனியும் வாங்குவேன். வயலில் புழுவை ஒழிக்கும் குளவி விட்டிருக்கிறோமா என்ற ஒரே ஒரு கேள்வியை நீங்கள் கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருசம் நாலு மாதக் கரும்பில் ட்ரைக்கோகிரம்மா முட்டை அட்டை கட்டினேன்; ட்ரைக்கோகிரம்மா என்ற சின்னக் குளவி உள்ளே வளரும் அந்துப்பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டை அது. தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு ஹெக்டேருக்கு 2.5 சிசி முட்டை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக 6 தடவை கட்டச் சொல்வார்கள். அட்டையில் ஒரு துண்டை மட்டும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன். கறுப்பு ரவையை ஒட்டினாற்போல முட்டைகள். மறுநாள் காலை, வெளிச்சம் விழுந்த பக்கமாகத் தூசி நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குளவி! அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வயலில் இது, இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அதிலிருந்து புழு வரவே வராது. கரும்பைத் துளைத்து உள்ளே போன புழுவை எந்த மருந்து எட்டும், சொல்லுங்கள்?

அட்டை கட்டிய மூன்றாம் நாள், தோகையில் வெள்ளை ஈ தெரிகிறதே என்று ஒரு கடைக்குப் போனேன். "கூட இதையும் கலந்து அடிங்க, புழுவுக்கும் கேட்கும்" என்று லாம்டா சைகலோத்ரின் பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அட்டை கட்டியிருப்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அடித்தேன். வெட்டும்போது கழிக்குக் கழி ஓட்டை.

லாம்டா சைகலோத்ரின், குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் எல்லாமே இந்தக் குளவிக்கு எமன். மருந்து இலையில் காய்ந்த பிறகும் அதன்மேல் நடந்தால் செத்துவிடும். பாட்டிலில் இருக்கும் முக்கோண நிறத்தைப் பார்த்து "இது விஷம் கம்மி" என்கிறீர்கள். அந்த நிறம் மனிதருக்கும் கால்நடைக்கும் எவ்வளவு நஞ்சு என்பதைத்தான் காட்டும், குளவிக்கு அது பொருந்தாது. மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட்கூட ட்ரைக்கோகிரம்மாவுக்கு ஆகாது. குளோரான்ட்ரானிலிபுரோல் அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை.

பப்பாளி மாவுப்பூச்சி வந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். எத்தனை மருந்து விற்றீர்கள், எத்தனை அடித்தோம்! அடங்கியதா? 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் குளவிதான் அதை அடக்கியது.

அதனால், பில் போடும் முன் "அண்ணே, அட்டை கட்டியிருக்கீங்களா? என்னைக்குக் கட்டினீங்க?" என்று கேளுங்கள். கட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால், தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். புழுவுக்குத்தான் மருந்து, அதுவும் அவசரம் என்றால், குளவிக்குக் கெடுதல் குறைந்ததாகப் பார்த்துக் கொடுங்கள். இனி அட்டை கட்டிய தேதியை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் கடைக்கு வருவேன்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி